பழைய டெஸ்க்டாப்புக்கு மின்ட்டா, டெபியனா?

மஞ்சக்குப்பத்தில் 4 ஜிபி ரேம் உள்ள பழைய பெட்டியை வைத்துக்கொண்டு பலரும் கேட்கும் கேள்வி இது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இந்த இரண்டு லினக்ஸ் இயங்குதளங்களையும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான முகப்போடு ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

செலவு: இரண்டும் இலவசம். பேச ஒன்றுமில்லை.

ஆயுள்: மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட். டெபியன் 13-க்கு 2030 வரை.

வைஃபை: மின்ட்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்து டிக் போட்டால் பெரும்பாலும் முடிந்தது. டெபியனும் 12-ஆம் பதிப்பிலிருந்து ஃபர்ம்வேரை (வைஃபை போன்ற சில்லுகள் இயங்கத் தேவையான மென்பொருள்) இன்ஸ்டாலரோடு தருகிறது. பிராட்காம் சில்லு என்றால் மட்டும் லேன் கேபிளோடு உட்காருங்கள்.

தலைவலி: டெபியன் நிறுவும்போது ரூட் (தலைமை நிர்வாகி) பாஸ்வேர்டு கொடுத்தால், நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்டும் 'சூடோ' பிறகு நம்மைச் சேர்க்காது. 'சூடோயர்ஸ் கோப்பில் நீங்கள் இல்லை' என்று முகத்திலடித்தாற்போல் சொல்லும். அரை நாள் முழித்தேன். அந்த ரூட் பாஸ்வேர்டு கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் போதும்! மின்ட்டில் இந்தக் கூத்து கிடையாது. கணினியைப் பழைய நிலைக்கு மீட்டுத்தரும் டைம்ஷிஃப்ட்டும் கூடவே வருகிறது.

மின்வெட்டு: ஐப்பசி மழையில் கரண்ட் போய்வந்து, கணினி முழுதாகத் தொடங்காமல் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று கறுப்புத்திரையில் நின்றால் இரண்டிலும் முதல் மருந்து, டிஸ்க்கின் கோப்பு அமைப்பைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளை. யுபிஎஸ் அதைவிட நல்லது.

பிள்ளைகள் படிக்க, அம்மா யூடியூப் பார்க்க மின்ட். ஒருமுறை அமைத்துவிட்டுக் கிளறாமல் ஓட்டவேண்டிய கடை பில்லிங் மெஷினுக்கு டெபியன்.