யன்னலுக்கு வெளியே வாவி: அச்சிட்ட துணியா, பச்சைத் திரையா?

படப்பிடிப்புச் செட்டில் ஒரு கல்லடி வீட்டு அறை. யன்னலில் மட்டக்களப்பு வாவி தெரியவேண்டும். கமரா அசையாத காட்சிக்கு அச்சிட்ட துணிதான் எங்கள் தெரிவு. பளபளப்பில்லாத துணியில் அச்சிட்டு, யன்னலிலிருந்து குறைந்தது 8 அடி தள்ளித் தொங்கவிடுங்கள். கிட்ட வைத்தால் நடிகரின் நிழல் வாவியில் விழும். துணிக்குத் தனி விளக்குக் கொடுத்து, அறையைவிட 1 அல்லது 2 ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் இரு மடங்கு) வெளிச்சமாக வையுங்கள். தொடுவானம் லென்ஸின் உயரத்தில் நிற்கவேண்டும். இது பிழைத்தால் மற்றதெல்லாம் வீண். யன்னலுக்கும் துணிக்கும் நடுவே நிஜத் தென்னோலை ஒன்றைக் கட்டி, மின்விசிறியால் லேசாக அசைத்தால் படம் தட்டையாகத் தெரியாது. யன்னல் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள், விளக்குகள் அதில் தெரியும்.

கமரா நகர்ந்தாலோ, வாவியில் தோணி ஓடவேண்டுமென்றாலோ பச்சைத் திரைதான்: பச்சை நிறத்தை நீக்கி, வேறாக எடுத்த வெளிக்காட்சியைப் பின்னர் கணினியில் சேர்ப்பது. ஆனால் வலைத் திரைச்சீலையும் கலைந்த தலைமுடியும் விளிம்பில் பிய்ந்து தெரியும், யன்னல் சட்டத்தில் பச்சை படியும். திரையைத் தள்ளி வைத்தால் அது குறையும். வெளிக்காட்சியை அதே லென்ஸில், கமராவின் அதே சரிவில் எடுத்திருக்கவேண்டும்.

வெயிலையும் கவனியுங்கள். கல்லடிக்கு வாவி மேற்கே. அந்த யன்னலில் நேர் வெயில் பின்னேரம்தான் விழும். காலைத் தேநீர்க் காட்சிக்கு மென்மையான வெளிச்சமே பொருந்தும்.