ஏசியின் ஃபியூஸ் அடிக்கடி போகிறதா? ஃப்ளூக் 376 எஃப்சி கிளாம்ப் மீட்டர்: ஒரு மதிப்பீடு

ஏசியின் ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகும்போது புதிய ஃபியூஸ் போடுவதைப் பழுதுபார்ப்பு என்று சொல்ல முடியாது; எவ்வளவு மின்னோட்டம், எந்தக் கணத்தில் பாய்ந்தது என்று அறிந்தால்தான் காரணம் பிடிபடும். அதை அறிய, கம்பியை வெட்டாமல் தாடையால் கவ்வியே மின்னோட்டத்தை அளக்கும் இந்தக் கிளாம்ப் மீட்டர் எந்த அளவுக்கு உதவுகிறது என்பதை மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

இதன் சிறப்பு, மோட்டார் கிளம்பும் கணத்தில் பாயும் மிகை மின்னோட்டத்தை (இன்ரஷ்) அளக்கும் இன்ரஷ் பொத்தான். இன்வெர்ட்டர் அல்லாத, அதாவது ஒரே வேகத்தில் ஓடும் ஏசியின் கம்ப்ரஸர், கிளம்பும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப் போல் ஏறத்தாழ 5 அல்லது 6 மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். 7 ஆம்பியரில் ஓடும் கம்ப்ரஸர் 35 ஆம்பியருக்கு மேல் எட்டுவது இயல்பே. ஒரு நொடிக்குள் அது தணிந்துவிட வேண்டும். சாதாரண மீட்டரின் திரை இவ்வளவு விரைவான ஏற்றத்தைத் தவறவிட்டுவிடும். இதில் ஏசியை இயக்குவதற்கு முன்பே பொத்தானை அழுத்தி வைத்தால், மின்னோட்டம் பாயத் தொடங்கியதும் 100 மில்லிநொடிக்கான அளவைப் பிடித்துத் திரையில் நிறுத்திவிடுகிறது.

நான் சோதித்த ஸ்பிளிட் ஏசியில், கிளம்பிய சில நொடிகளில் ஃபியூஸ் போய்க்கொண்டிருந்தது. இன்ரஷ் அளவு உயர்ந்திருந்ததைவிட, பிறகும் மின்னோட்டம் இறங்காமல் அங்கேயே நின்றதுதான் முக்கியமான தடயம்: மோட்டார் சுழலாமல் உறுமிக்கொண்டு நிற்கிறது என்பதே அதன் பொருள். மோட்டாரைக் கிளப்ப உதவும் கெப்பாசிட்டர் மீது சந்தேகம் எழுந்தது. இணைப்பைத் துண்டித்து, அதில் தேங்கிய மின்னூட்டத்தை மின்தடை வழியாக வடித்து, கம்பிகளைக் கழற்றியபின் இதே மீட்டரால் அளந்தபோது, 35 மைக்ரோஃபாரட் என்று அச்சிடப்பட்டிருந்த கெப்பாசிட்டர் 21 காட்டியது. வழக்கமாக ஏற்கத்தக்க விலகல் 5 விழுக்காட்டை ஒட்டியதே. கெப்பாசிட்டரை மாற்றியதும் கம்ப்ரஸர் இலகுவாகக் கிளம்பியது, ஃபியூஸும் தாங்கியது. இந்த நிலையில் பெரிய ஃபியூஸைப் போட்டிருந்தால் மோட்டாரின் கம்பிச் சுருளான வைண்டிங்கும் வயரும் தீய்ந்திருக்கும். அந்த யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

நீண்ட நேரம் ஓடியபின் ஃபியூஸ் போனால் மீட்டரை மாட்டியபடியே விட்டு, ஓடும் மின்னோட்டத்தைக் கவனிக்க வேண்டும். அது மெல்ல ஏறிக்கொண்டே போனால் அவுட்டோர் யூனிட்டின் காயிலில் அழுக்கு அடைத்திருக்கலாம், விசிறி மந்தமாகச் சுற்றலாம். ஏறவே இல்லை, ஆனாலும் ஃபியூஸ் போகிறது என்றால், ஃபியூஸ் ஹோல்டரில் தளர்ந்த, கருகிய இணைப்பைத் தேடுங்கள். அங்கே பிறக்கும் சூடே ஃபியூஸை உருக்கிவிடும்.

இரு கம்பிகளையும் சேர்த்துக் கவ்வினால் திரையில் பூஜ்யம்தான் வரும் என்பதால் ஒற்றைக் கம்பியைப் பிரித்தே மாட்ட வேண்டும். இதன் தாடை நெருக்கமான டெர்மினல் பெட்டிக்குள் நுழையச் சிரமப்படுகிறது; உடன் வரும் வளையும் சுருள் அங்கே கைகொடுக்கிறது.

சுவிட்சைப் போட்ட கணமே ஃபியூஸ் வெடிப்பதுபோல் போனால் இந்த மீட்டரால் பெரிய பயன் இல்லை. ஷார்ட் ஏற்பட்டால் 100 மில்லிநொடி முடிவதற்குள்ளேயே ஃபியூஸ் உருகிவிடக்கூடும். வைண்டிங்கில் இருந்து கம்ப்ரஸரின் உடலுக்குக் கசிவு இருக்கிறதா என்பதையும் இதன் ஓம் அளவீடு நம்பகமாகச் சொல்லாது, ஏனெனில் பேட்டரியின் சிறு மின்னழுத்தத்தில் பழுதடைந்த இன்சுலேஷனும் நல்லதுபோல் தோன்றும். 0.1 ஆம்பியருக்குக் கீழான கசிவும் தெரியாது. இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸர் படிப்படியாக வேகமெடுப்பதால் இன்ரஷ் வசதிக்கு வேலை குறைவு. ஆனால் அதன் ஒழுங்கற்ற மின்னலையைச் சரியாக அளக்க ட்ரூ ஆர்எம்எஸ் (அலை எந்த வடிவில் இருந்தாலும் உண்மையான அளவைக் காட்டும் முறை) தேவை, அது இதில் உண்டு.

தொழில்முறை மெக்கானிக்குகளுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வீட்டு ஏசிகளை மட்டும் பார்ப்பவர்களுக்கு 1000 ஆம்பியர் திறன் மிகை. இன்ரஷ், ட்ரூ ஆர்எம்எஸ், கெப்பாசிட்டர் அளவீடு ஆகிய மூன்றும் உள்ள சிறிய மீட்டர் ஒன்றை வாங்கி, மிச்சமாகும் பணத்தில் இன்சுலேஷனை உயர் மின்னழுத்தத்தில் சோதிக்கும் மெகர் ஒன்றையும் சேர்த்து வாங்குவதே அவர்களுக்கு ஏற்றது.