பழைய டஸ்டர் ஆல் வீல் டிரைவ் வாங்கப் போகிறீர்களா? முதலில் வண்டிக்கு அடியில் பாருங்கள்

கோவையில் ஒரு பழைய கார் ஷோரூமில் 2016 மாடல் ரெனோ டஸ்டர் ஆல் வீல் டிரைவ் வாங்கினேன். விலை நாலே முக்கால் லட்சம். நான்கு சக்கரமும் இழுக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள், அதே வருடத்து சாதாரண டஸ்டரை விட விலை கூடுதலாகக் கொடுத்ததும் அதற்காகத்தான். ஆனால் வண்டியில் பின் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டு போகிற புரொப்பல்லர் ஷாஃப்ட்டே கிடையாது. கழற்றி எடுத்துவிட்டு, கழற்றிய இடம் தெரியாமல் கறுப்புப் பெயிண்ட் அடித்து விற்றிருக்கிறார்கள்.

எங்கள் வீடு கோத்தகிரி தாண்டி உள்ளே. தார் ரோடு முடிந்து வீட்டுக்கு ஏறுகிற கடைசித் துண்டு முழுக்கச் செம்மண் ஏற்றம், ஐப்பசி கார்த்திகை மழையில் வழவழவென்று ஆகிவிடும். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேர், மார்க்கெட் சாமான் வேறு. ஜிம்னி நல்ல வண்டிதான், ஆனால் நாலு பேருக்குத்தான் சீட். மஹிந்திரா தார் ஜீப்பின் பின் சீட்டில் முட்டி வலியோடு இருக்கிற அம்மாவை ஏற்றி இறக்க முடியாது. ஸ்கார்பியோ-N ஃபோர் வீல் டிரைவ், கிராண்ட் விட்டாரா ஆல் கிரிப் எல்லாம் என் கைக்கு எட்டாத விலை. அப்புறம் மிஞ்சியது டஸ்டர்தான், அதை இப்போதும் நான் குறை சொல்ல மாட்டேன். நம்ம ஒரகடத்தில் செய்த வண்டி. 2014-ல் இந்த ஆல் வீல் மாடல் வந்தது, 110 குதிரைசக்தி டீசல், ஆறு கியர், தரையிலிருந்து 210 மில்லிமீட்டர் உயரம். முதல் கியர் சாதாரண டஸ்டரை விடக் குட்டை என்பதால் ஆள் நிரம்பியிருந்தாலும் ஏற்றத்தில் திணறாது. பின்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், அதனால் டிக்கி 475 லிட்டரிலிருந்து 410 ஆகக் குறைந்தது, அப்படியும் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். 2020-ல் பிஎஸ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் டீசலை நிறுத்திவிட்டார்கள், அதோடு ஆல் வீலும் போய்விட்டது. வேண்டும் என்றால் பழையதுதான் வாங்க வேண்டும், நல்லது கிடைப்பதும் குறைவு. இந்த மாதிரி ஆட்கள் அதை வைத்துத்தான் விளையாடுகிறார்கள்.

வாங்கும்போது ஆர்சி, சேஸிஸ் நம்பர், இன்சூரன்ஸ், லோன் பாக்கி எல்லாம் பார்த்தாகிவிட்டது, எல்லாம் சரியாகவே இருந்தது. கம்பெனியிலிருந்து ஆல் வீலாகவே வந்த வண்டிதான் அது. விற்றவர் தானே உள்ளே உட்கார்ந்து கியருக்கு முன்னால் இருக்கிற திருகியை லாக்குக்கு, அதாவது பின் சக்கரமும் சேர்ந்து இழுக்கும் நிலைக்குத் திருப்பி, மீட்டரில் எரிகிற விளக்கைக் காட்டி, "லைட் எரியுதுங்களா சார்? அப்ப ஆல் வீல் வேலை செய்யுதுங்க" என்றார். ஷோரூம் சீல் போட்ட செக்கிங் ஷீட்டிலும் ஆல் வீலுக்கு எதிரே ஓகே என்று டிக் இருக்கிறது.

முதல் பெருமழையில் வீட்டு ஏற்றத்தில், லாக்கில் போட்டுதான் ஏறினேன், விளக்கும் எரிந்தது. முன் சக்கரங்கள் இரண்டும் சேற்றை வாரி இறைத்தபடி சும்மா சுற்றின, வண்டி பக்கவாட்டில் நழுவி ஓடைப் பக்கம் போக ஆரம்பித்தது. பிள்ளைகள் கத்துகிறார்கள். மனைவி இறங்கிப் பார்த்துவிட்டு, "பின்னாடி டயர் அசையவே இல்லைங்க" என்றாள்.

மறுநாள் கோத்தகிரி மெக்கானிக் வண்டியைப் பள்ளத்தின் மேல் ஏற்றி டார்ச் அடித்தார். முன்னால் கியர்பாக்ஸ் பக்கம் ஷாஃப்ட்டைப் பூட்டுகிற ஃபிளாஞ்ச், போல்ட் ஓட்டைகள் நான்கும் காலி. பின்னால், இரண்டு பின் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரென்ஷியலுக்கு முன்னால் கப்ளிங், அதாவது வேண்டும்போது ஷாஃப்ட்டின் சக்தியைப் பின் சக்கரங்களோடு சேர்க்கிற பாகம், அதன் வாயும் காலி. நடுவில் வெறும் சைலன்சர் குழாய் மட்டும் ஓடுகிறது. நகத்தால் சுரண்டினால் ஓட்டைக்குள்ளிருந்து கறுப்புப் பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது, அதற்குக் கீழே பழைய கிரீஸ். மீட்டர் விளக்கு கப்ளிங்குக்குக் கட்டளை போனதை மட்டும்தான் காட்டும், நடுவில் ஷாஃப்ட் இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது என்று விளக்கினார். பேரிங்கோ கப்ளிங்கோ சத்தம் போட ஆரம்பித்தால் செலவுக்குப் பயந்து ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு முன் சக்கரத்திலேயே ஓட்டுபவர்கள் உண்டாம். அது வண்டிக்காரர் இஷ்டம், நான் தப்பு சொல்லவில்லை. அதை மறைத்து ஆல் வீல் விலைக்கு விற்பது பச்சைத் திருட்டு. இந்தச் சேற்றில், அம்மாவும் குழந்தைகளும் உள்ளே இருக்கும்போது, அது உயிரோடு விளையாடுவது.

ஷோரூமுக்கு ஃபோன் செய்தால், "டெலிவரி நோட்டில் உள்ளது உள்ளபடி என்று கையெழுத்து போட்டிருக்கீங்க சார்" என்கிறார்கள். ஃபோனை எடுத்தவர், நீங்களே கழற்றியிருப்பீர்கள் என்றுகூட என்னிடம் சொன்னார். ஷாஃப்ட், கப்ளிங், கூலி எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் ஆகும் என்று எஸ்டிமேட் வந்திருக்கிறது.

அதனால், டஸ்டரோ வேறு எந்தப் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியோ, டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வாட்டர் சர்வீஸ் கடைக்குக் கொண்டு போய் பள்ளத்தில் ஏற்றிப் பாருங்கள். முன்னாலிருந்து பின்னால் வரை நீளமாக ஒரு ஷாஃப்ட் ஓட வேண்டும். அடியில் மட்டும் புதுப் பெயிண்ட் பளபளத்தால் ஏன் என்று கேளுங்கள். மண் தரையில் லாக்கில் போட்டு வேகமாகக் கிளப்பச் சொல்லி, வெளியே நின்று பின் டயரைப் பாருங்கள். நான்கு டயரும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கப்ளிங் சூடாகிக் கெடும். பள்ளத்தில் ஏற்ற விடமாட்டேன் என்றால் அந்த வண்டி வேண்டாம். 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி டீலர்கள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும், அதையும் காட்டச் சொல்லுங்கள்.

நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். ஷோரூமுக்கு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. பதில் வராவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். சீல் போட்ட அந்த ஷீட்டும், பள்ளத்தில் எடுத்த வீடியோவும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. கோவைப் பக்கம் இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள், சேர்ந்தே வழக்குப் போடலாம்.