வாளுக்கு வாங்கிய மூன்று குஞ்சங்கள்

குஞ்சத்துக்கெல்லாம் ஒரு விமர்சனமா என்று வீட்டிலேயே கேட்டாகிவிட்டது, அதனால் நீங்களும் கேட்க வேண்டாம். மூன்று குஞ்சத்துக்கு 43 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்திருக்கிறேன். ஒன்று என் வெள்ளைக் கால்சட்டையைப் பாழாக்கியது, ஒன்று நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கியது, ஒன்றுதான் இன்னும் வாளில் தொங்குகிறது. வாங்கப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி வீடு) புளோக்கின் கீழ்த்தளத்தில் தினமும் காலை ஆறரைக்கு தைச்சி வகுப்பு நடக்கும், மெதுவாக அசைந்து செய்யும் சீனத் தற்காப்புக் கலை அது. நான் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. நானும் இன்னொரு பெண்ணும்தான் தமிழர்கள், மற்றவர்கள் எல்லாம் அறுபதைத் தாண்டிய சீன ஆன்ட்டிகளும் அங்கிள்களும். வெறுங்கையில் 24 அசைவுத் தொடரை ஓரளவு ஒழுங்காகச் செய்கிறவர்களுக்கு அடுத்து வாள் கொடுப்பார்கள். அது 32 அசைவு வாள் தொடர், தைச்சியின் பாணிகளில் ஒன்றான யாங் பாணி வாளிலிருந்து எடுத்துச் சுருக்கி 1957ல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் தொகுத்தது, மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். எங்கள் லாவ்ஷி (ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவோம்) தன்னிடமிருந்த பழைய வாள் ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டார். ஜெஜியாங் மாகாணத்து லோங்ச்சுவானில் செய்த வாள். வாளுக்கே பேர்போன ஊர் அது. அங்கே வாள் அடிக்கும் கலையை 2006ல் சீனா தன் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. என் கையில் இருப்பது அந்தப் பெருமைக்கெல்லாம் உரியதல்ல, கூரில்லாத பயிற்சி வாள். கைப்பிடி நுனியில் இருக்கும் குமிழில் ஒரு ஓட்டை, அந்த ஓட்டை காலியாக இருந்தது. "குஞ்சம் நீயே பார்த்து வாங்கிக்கொள்" என்றார் லாவ்ஷி. எது நல்லது என்று சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை என்று பிறகு புரிந்தது.

முதல் குஞ்சம் இணையத்தில் வாங்கியது, 12 வெள்ளி, கடை பெயர் வேண்டாம். ரத்தச் சிவப்பு, மேலே சீன முடிச்சு, கீழே ஒரு சாண் நூல், படத்தில் பட்டு மாதிரி மின்னியது. வந்தது பாலியஸ்டர். பொட்டலத்துக்குள் மடித்து மடித்து வைத்திருந்ததால் நூலெல்லாம் நெளிநெளியாக, பின்னலைப் பிரித்த தலைமுடி போல இருந்தது. கெட்டில் ஆவியில் பிடித்துச் சீவினால் நேராகும் என்று ஒரு ஆன்ட்டி சொன்னார், பிடித்தேன், பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். தொடர் ஆரம்பிக்கும்போது வாளை இடது கையில், முனை மேலே போக, கைக்குப் பின்னால் ஒட்டிப் பிடித்து நிற்க வேண்டும், அப்போது குமிழ் கீழே இருக்கும், குஞ்சம் தொடையை உரசிக்கொண்டு தொங்கும். இந்த ஊர் வியர்வையைத்தான் தெரியுமே. மூன்றாம் நாள் கால்சட்டையில் குங்குமம் கொட்டியது போல ஒரு பட்டை. கடைக்குப் படத்தோடு எழுதினேன், "முதலில் அலசியிருக்க வேண்டும்" என்று பதில் வந்தது. அலசச் சொல்லி அட்டையில் ஒரு வரி இல்லை.

அட்டையில் வேறு கதை இருந்தது. பண்டைக்கால வீரர்கள் எதிரியின் கண்ணை ஏமாற்றவும், வாளில் வழியும் ரத்தத்தைத் துடைக்கவும் குஞ்சம் கட்டினார்களாம். இதைப் படித்ததிலிருந்துதான் எனக்கு இந்த ஆராய்ச்சிப் புத்தி வந்தது.

ரத்தக் கதையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஈட்டிக்கு அது பொருந்தும். சீன ஈட்டியில் இரும்பு முனைக்கு நேர் கீழே சிவப்புக் குதிரைமுடிக் கொத்து கட்டியிருப்பார்கள், ஹோங்யிங் என்று பேர். முனையிலிருந்து வழிவது கட்டைக்கு இறங்கிக் கை வழுக்காமல் அது தடுக்கும் என்பது நம்பும்படியான விளக்கம்தான், கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஏதோ படபடவென்று அடித்தால் முனை எங்கே என்று எதிராளி ஒரு கணம் தடுமாறுவான் என்பதும் சரி. (1920களில் வட சீனக் கிராமங்களில் கொள்ளையர்களுக்கும் படைத்தலைவர்களுக்கும் எதிராகத் திரண்ட செவ்வீட்டிச் சங்கத்தாருக்கு அந்தப் பேர் வந்ததே இந்தச் சிவப்புக் கொத்தால்தான்.) ஆனால் வாளில் குஞ்சம் இருப்பது எங்கே? அலகுக்கு நேர் எதிர்க்கோடியில், கைப்பிடிக்கும் பின்னால். ரத்தம் அங்கே வந்து சேர வேண்டுமென்றால் முதலில் கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் கைக்காப்பைத் தாண்டி, பிடித்திருக்கும் விரல்களை நனைத்து, அப்புறம்தான் குமிழுக்கு வர வேண்டும். துடைக்க வேண்டுமென்றால் துணி இருக்கிறது. ஈட்டியின் கதையைத் தூக்கி வாளுக்கு ஒட்டிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எடையைச் சமன் செய்யத்தான் என்றார் வகுப்பில் ஒரு அங்கிள். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், வாள் 690 கிராம், குஞ்சம் 38 கிராம். அதுவும் விறைப்பாக ஓர் இடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும் 38 கிராம். அங்கிளிடம் சொல்லவில்லை, பாவம்.

வாளை மணிக்கட்டில் மாட்டும் கயிறுதான் குஞ்சமாக ஆனது என்று இன்னொரு கதை, அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சீனாவைக் கடைசியாக ஆண்ட சிங் அரசர்கள் காலத்து வாள்கள் பலவற்றில் கைப்பிடியின் குறுக்கே ஒரு துளை இருக்கும், அதில் கயிறு கோத்து மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால் வாள் கைநழுவினாலும் கீழே விழாது. ஐரோப்பியக் குதிரைப்படை வாளிலும் இப்படித்தான் ஒரு வார் இருந்தது, அது போகப்போக அதிகாரிகளின் தங்கநூல் அலங்காரமாக மாறியது. சீனக் குஞ்சமும் இதே வழியில் வந்திருக்கலாம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இன்று கடையில் விற்கும் குஞ்சத்தை மணிக்கட்டில் மாட்ட முடியாது, வளையமே சுண்டுவிரல் போகிற அளவுதான்.

இதையெல்லாம் விட லாவ்ஷி போகிறபோக்கில் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. குஞ்சம் கட்டினால் வென் வாள், கட்டாவிட்டால் வூ வாள். வென் என்றால் எழுத்து, படிப்பு; வூ என்றால் போர். படித்தவர்கள் வாளை மரியாதைக்கும் அழகுக்கும் உடற்பயிற்சிக்கும் வைத்துக்கொண்டார்கள், அவர்கள் வாளில் குஞ்சம் ஆடியது. சண்டைக்குப் போகிறவன் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவான், ஏனென்றால் அவசரத்தில் கையைச் சுற்றிக்கொள்ளும் நூலால் உயிரே போகலாம். இதைக் கேட்டபோது எனக்குச் சடைக்குஞ்சலம் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்குக் கட்டுவோம், பரதநாட்டிய மேடைக்குக் கட்டுவோம், அதைக் கட்டிக்கொண்டு யாராவது மாவரைக்கப் போவார்களா? கத்தியில், அதாவது ஒருபக்கம் மட்டும் கூரான தாவ் என்கிற வகையில், குஞ்சம்கூட இல்லை, குமிழில் ஒரு வண்ணத் துணியை முடிந்துவிடுவார்கள். சுழற்றும்போது பறக்கும், கண்ணுக்கு நன்றாக இருக்கும்.

சரி, இரண்டாவது குஞ்சம். 22 வெள்ளி, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். நீள்குஞ்ச வாள் என்று தனி வகையே இருக்கிறது, வாள் அளவுக்கோ அதைவிட நீளமாகவோ குஞ்சம் கட்டி, வாள் ஒரு பக்கம் சுழல குஞ்சம் இன்னொரு பக்கம் வளையமிட்டு வரும். காணொளியில் பார்த்துச் சொக்கிப்போய் வாங்கிவிட்டேன். பொருளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல நூல், முடிச்சு இறுக்கம், சாயம் போகவில்லை, மடிப்பும் ஆவியில் நேராகிவிட்டது. குறை என்னிடம்தான். அதற்கென்று தனித் தொடர் உண்டு, 32 அசைவு அதற்கானதல்ல. முதல் நாளே முழங்கையில் ஒரு சுற்று, கழுத்தில் ஒரு சுற்று, கடைசியில் வாளின் கைக்காப்பில் மாட்டிக்கொண்டு என்னால் கையை நீட்டவும் முடியவில்லை மடக்கவும் முடியவில்லை, இரண்டு ஆன்ட்டிகள் வந்து பொங்கல் கரும்புக் கட்டைப் பிரிப்பது போலப் பிரித்து எடுத்தார்கள். லாவ்ஷி சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவது சைனாடவுனில் தற்காப்புக் கலைச் சாமான் விற்கும் ஒரு சின்னக் கடையில் வாங்கியது. 9 வெள்ளி. ரேயான் நூல், கருநீலம், தங்கநிறத்தில் ஒரு சின்ன முடிச்சு, மொத்தமே முழங்கை வரைகூட எட்டாத நீளம். மூன்றிலும் இதுதான் விலை குறைவு, ஆனால் நூல் கனமாக நேராக விழுகிறது. வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் அலசினேன் (சூடு கண்ட பூனை), தண்ணீர் லேசாக நீலமானது, இரண்டாவது அலசலில் நின்றுவிட்டது. கட்டுவது சுலபம்: மேல் வளையத்தைக் குமிழ் ஓட்டையில் விட்டு, அந்த வளையத்துக்குள்ளேயே குஞ்சத்தை நுழைத்து இழுத்தால் போதும், ஓட்டையில் தனி முடிச்சு எதுவும் போட வேண்டாம்.

இதைக் கட்டியபிறகுதான் குஞ்சம் எதற்கு என்று கைக்குத் தெரிந்தது. தொடரின் பாதியில் ல்யாவ் என்று அடுத்தடுத்து இரண்டு அசைவு வரும், வாள் உடம்பின் பக்கவாட்டில் ஒரு வட்டமடித்துக் கீழிருந்து மேலாக அறுத்துக்கொண்டு போக வேண்டும். வட்டம் மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். நான் ஒரு வருடமாக அதை முழங்கையால்தான் செய்துகொண்டிருந்தேன், எனக்கே தெரியாது, வெளியே பார்க்கிறவர்களுக்கும் கிட்டத்தட்டச் சரியாகவே தெரியும். குஞ்சத்துக்கு மட்டும் தெரிந்துவிட்டது. மணிக்கட்டு செத்துப்போய் இருந்தால் குமிழ் முன்கையை ஒட்டியே வருகிறது, குஞ்சம் போக வழியில்லாமல் கையைச் சுற்றிக்கொள்கிறது. மணிக்கட்டைத் தளர்த்தி வட்டத்தைப் பெரிதாக்கினால் குஞ்சம் கைக்கு வெளியே தானாக ஒரு வட்டம் போட்டுவிட்டுப் பின்னாலேயே வருகிறது. இன்னொன்று, தைச்சியில் ஓர் அசைவு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கை நிற்கக் கூடாது என்பார்கள். நான் நிற்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கை நின்றாலும் குஞ்சம் நிற்காதே, வந்த வேகத்தில் மேலே போய் விரல் முட்டியில் பொத்தென்று அடிக்கும். எண்ணிப் பார்த்தேன், முதல் வாரம் ஒரு தொடருக்கு பதினொரு அடி. இப்போது இரண்டு, மூன்று. போட்டிகளில் குஞ்சம் கையிலோ உடம்பிலோ சுற்றிக்கொண்டால் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது, காரணமும் கூடவே புரிந்தது.

அதனால் என் கணக்கு இது. அழகுக்காக வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை, படித்தவர்கள் அந்தக் காலத்தில் செய்ததும் அதுதான். போர்வீரக் கதையைப் படித்துவிட்டு வாங்காதீர்கள். வாள் தொடர் ஒழுங்காக வர வேண்டும் என்றால் ரேயானோ பட்டோ, ஒன்றரைச் சாணுக்கு மேல் போகாமல், கனமாக விழுகிற குஞ்சம் ஒன்று போதும். அடி வைக்கவே தெரியாத முதல் மாதத்தில் அதுவும் வேண்டாம், எரிச்சல்தான் மிஞ்சும். நீலக் குஞ்சத்துக்கு ஐந்துக்கு நாலரை தருவேன், முடிச்சுக்குக் கீழே நூல் இரண்டு உதிர்ந்ததால் அரை குறைத்தேன். நீளமானதற்கு நான்கு, அதை ஆடத் தெரிந்தவர்கள் கையில். சிவப்புக்கு ஒன்று.

வகுப்பில் இருக்கும் அந்தத் தமிழ்ப் பெண் போன வாரம், "அக்கா, நீளமான குஞ்சம் சும்மாதானே கிடக்கு, எனக்குத் தாங்களேன்" என்று கேட்டாள். கொடுத்துவிட்டேன். ஒன்றும் சொல்லாமல்தான் கொடுத்தேன். சிவப்புக் குஞ்சம் இப்போது வீட்டுச் சாவியில் தொங்குகிறது, அங்கே வியர்வை படாது.