நடையா, ஊசியா, ஆபரேஷனா: சர்க்கரைக்காரர் எடை குறைக்கும்போது புற்றுநோய்க் கணக்கு

சேலம் மூக்கனேரிக் கரையில் காலை நடைக்கு என்னோடு வரும் மச்சானுக்கு வயது 48, எடை 94 கிலோ, சர்க்கரை வந்து நாலு வருஷம். அவர் அப்பாவைப் பெருங்குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வீடு. போன மாதம் கேட்டார்: "எடையைக் குறைச்சா சர்க்கரை அடங்கும்னு தெரியுது மாப்ள. அந்த இன்னொரு பயம் எந்த வழியில போனா குறையும்?"

கேள்வி நியாயமானது. தொப்பைக் கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை இல்லை. அது கூடக்கூட இன்சுலின் சொல்வதை உடம்பு காதில் வாங்காது; கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து தள்ளும். இன்சுலினுக்கு இரண்டு வேலை: சர்க்கரையைச் செல்லுக்குள் அனுப்புவது ஒன்று, 'வளரு, பெருகு' என்று செல்லைத் தூண்டுவது இன்னொன்று. முதல் வேலையில் மக்கர் பண்ணும் உடம்பு, இரண்டாவதை மட்டும் ஒழுங்காகக் கேட்டுக்கொள்ளும். செல் பெருகப் பெருக, பிழையோடு பிறக்கும் செல்லுக்கும் வாய்ப்பு கூடுகிறது. போதாததற்கு உள்ளுக்குள் ஓயாத அழற்சி. மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கொழுப்பே சுரக்க வைக்கும் ஈஸ்ட்ரோஜன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் கூடுதல் உடல் கொழுப்போடு 13 வகைப் புற்றுநோய்களை முடிச்சுப் போட்டது. பெருங்குடலும் அதில் உண்டு.

சரி, வழிகளுக்கு வருவோம்.

சாப்பாடும் நடையும்: பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில், சர்க்கரை வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்களுக்குச் சில மாதம் தினமும் 850 கலோரி அளவில் சூப்பும் ஷேக்கும் மட்டும் கொடுத்தார்கள். ஒரு வருஷத்தில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமலே சர்க்கரை நோய் எல்லைக்குக் கீழே வந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் இறங்கியவர்களில் மட்டும் பார்த்தால் 86 சதவீதம். இரண்டாம் வருஷம் மொத்தக் கணக்கு 36 ஆகச் சரிந்தது. பிடித்து நிற்பதுதான் பாடு. புற்றுநோய்ப் பக்கம் இவ்வளவு தெளிவில்லை. அமெரிக்காவின் லுக் அஹெட் ஆய்வில் சுமார் 5,000 சர்க்கரைக்காரர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்ததில், சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களிடம் உடல் பருமனோடு சேர்ந்த புற்றுநோய்கள் 16 சதவீதம் குறைவாகத் தெரிந்தன. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவிலேயே நின்றது. அவர்கள் குறைத்த எடையும் கொஞ்சம்தான்.

நம்மூரில் இந்த வழிக்கு எதிரி பிரியாணி மட்டும் இல்லை, 'லேசான ஆகாரம்' என்ற பேரும்தான். மச்சான் வீட்டில் விரத நாளில் ஜவ்வரிசி உப்புமா. மரவள்ளி மாவை உருட்டி வறுத்ததுதானே ஜவ்வரிசி? கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. சாயங்காலம் தட்டுவடை செட். பீட்ரூட்டும் கேரட்டும் துருவிப் போட்டதால் அதைக் காய்கறிக் கணக்கில் எழுதிவிடுவார்!

ஆபரேஷன்: புற்றுநோய் விஷயத்தில் கையில் இருப்பதில் கனமான சான்று இதற்குத்தான். கிளீவ்லாந்து கிளினிக் 2022இல் வெளியிட்ட ஆய்வில், இரைப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் பருமன் சார்ந்த புற்றுநோய் 32 சதவீதம் குறைவு. ஆனால் அதில் பெரும்பாலோர் பெண்கள். 2009இல் வந்த ஸ்வீடன் ஆய்விலும் பெண்களிடம் நல்ல குறைவு. ஆண்களிடம் அப்படி எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. இதை மச்சானிடம் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. கத்திக்குப் பயந்தவர்.

ஊசி: எடை குறைக்கப் போடும் செமாக்ளூட்டைடு மருந்தைப் பற்றிச் சொல்லும்போது எல்லாரும் 15 சதவீத எடைக் குறைவு என்பார்கள். அது சர்க்கரை இல்லாதவர்களிடம் வந்த கணக்கு. அதே அளவு மருந்தில் சர்க்கரைக்காரர்களுக்குக் குறைந்தது சுமார் 10 சதவீதம். நிறுத்தினால், இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருஷத்தில் திரும்பியது. அமெரிக்க மருத்துவப் பதிவுகளை வைத்து 2024இல் வந்த ஓர் ஆய்வு, இன்சுலின் போட்டவர்களைவிட இந்த வகை ஊசி போட்டவர்களுக்கு அந்த 13இல் 10 வகைப் புற்றுநோய்கள் குறைவு என்றது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டபோது அந்தக் குறைவு காணாமல் போனது. யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதிலேயே பாதிக் கதை மாறிவிடுகிறது. குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டுப் புற்றுநோய் இருந்தால் இந்த ஊசியே கூடாது.

மெட்ஃபார்மின் புற்றுநோயைத் தடுக்கும் என்று பத்து வருஷமாகப் பேச்சு. மார்பகப் புற்றுநோயாளிகள் 3,600க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து 2022இல் முடிவு வந்தது: நோய் திரும்புவதை அது தடுக்கவில்லை. சர்க்கரைக்கு நல்ல மாத்திரை, அவ்வளவுதான்.

மச்சானுக்கு நான் சொன்னது இது: நாலு வருஷச் சர்க்கரைதான், முதல் வாய்ப்பு இன்னும் கையில் இருக்கிறது. மாத்திரை அளவை டாக்டரிடம் பேசிக்கொண்டு ஆறு மாதம் சாப்பாட்டை இறுக்கிப் பார்ப்போம். நகரவில்லை என்றால் ஊசி. ஆனால் எந்த வழியில் போனாலும் கொலனோஸ்கோப்பியை, அதாவது குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனையை, தள்ளிப்போடக் கூடாது. அப்பாவுக்குக் குடல் புற்றுநோய் இருந்தால் 40 வயதிலேயே பார்க்கச் சொல்வார்கள். இவர் எட்டு வருஷம் கடன்.

இன்னொன்றும் உண்டு. ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாகச் சர்க்கரை வந்து, ஒன்றும் செய்யாமலே எடை இறங்கினால் சந்தோஷப்படக் கூடாது. அரிதாக அது கணையப் புற்றுநோயின் முதல் சேதியாக இருக்கும்.

அதனால்தான் நேற்று எடை மெஷினில் 91 என்று காட்டியதும், கை குலுக்குவதற்கு முன்னால், "ராத்திரி என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல். சோத்தைப் பார்த்தே மூணு வாரம் ஆச்சு மாப்ள" என்றார் மச்சான், மெஷினை விட்டு இறங்காமலே.