ஃப்ரேசல் வெர்ப்: வினையைப் பிடித்துப் படிப்பதா, ஒட்டைப் பிடித்துப் படிப்பதா?

கெட் அப், கெட் ஆன், கெட் அவே, கெட் ஓவர், கெட் த்ரூ. இப்படி ஒரு வினையும் அதோடு ஒட்டும் சின்னச் சொல்லும் சேர்ந்து ஒரே பொருள் தருவதைத்தான் ஃப்ரேசல் வெர்ப் என்கிறோம். அந்தச் சின்னச் சொல்லை இங்கே ஒட்டு என்கிறேன். ஆங்கிலம் கற்க வரும் யாருடைய நோட்டைப் புரட்டினாலும் இப்படி ஒரு பட்டியல் இருக்கும். வினைச்சொல் தலைப்பில், அதோடு ஒட்டும் சின்னச் சொற்கள் கீழே, எதிரே தமிழ் அர்த்தம். இதைத் தலைகீழாக்குவது இன்னொரு வழி. அப், அவுட், டவுன், அவே என்று ஒட்டைத் தலைப்பாகப் போட்டு, அதோடு சேரும் வினைகளைக் கீழே எழுதுவது. வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை வேளையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவன் நான். முதல் வழியில் தொடங்கி, இரண்டாவதற்கு மாறி, இப்போது அதிலேயே நிற்கிறேன்.

முதல் வழியின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. அகராதிகள் அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. தேர்வில் ஒரு வினையைக் கொடுத்து, பக்கத்துக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் மனப்பாடம் கைகொடுக்கும். தேர்வு மட்டுமே குறி என்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள், குறை சொல்ல மாட்டேன்.

பேசவும் படிக்கவும் வேண்டும் என்றால் கதை வேறு. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வெளிநாட்டவருக்கு மிகப் பெரிய சிரமம் வினையோடு ஒட்டும் இந்தச் சின்னச் சொற்களால்தான் என்று எழுதியிருக்கிறார். அந்தச் சிரமம் குறையவில்லை, ஆனால் அது எங்கே குவிந்திருக்கிறது என்று இப்போது தெரியும். மொழியியலாளர்கள் டீ கார்ட்னரும் மார்க் டேவிஸும் 2007-இல் பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்ற 10 கோடிச் சொல் தொகுப்பை அலசினார்கள். 20 வினைகளும் 8 ஒட்டுகளும் சேர்ந்து உண்டாகும் 160 சேர்க்கைகளே ஃப்ரேசல் வெர்ப்களின் மொத்தப் பயன்பாட்டில் பாதிக்கு மேல் வருகின்றன என்று கண்டார்கள். எட்டுத் தலைப்பில் அடங்குவதை இருபது தலைப்பில் ஏன் சிதறடிக்க வேண்டும்?

ஆனால் என்னை மாற்றியது எண்ணிக்கை இல்லை. பட்டியலில் இல்லாத ஒன்று எதிரே வந்து நின்றால் என்ன செய்வோம்? என்னைப் பொறுத்தவரை இரண்டு வழிகளில் எது மேல் என்பதை இந்த ஒரு கேள்விதான் தீர்மானிக்கிறது. எவ்வளவு மனப்பாடம் செய்தாலும், நாளைக்கு வரும் மின்னஞ்சலில் நோட்டில் இல்லாத ஒன்று இருக்கத்தான் செய்யும்.

அவுட்டை எடுத்துக்கொள்வோம். அந்தத் தலைப்பின் கீழ் என் மாணவர்கள் இரண்டு கொத்தாக எழுதுவார்கள். ஒன்று, மறைந்திருந்தது வெளியே வருவது: ஃபைண்ட் அவுட், ஃபிகர் அவுட், பாயின்ட் அவுட். இன்னொன்று, இருந்தது இல்லாமல் போவது: ரன் அவுட், டை அவுட், வேர் அவுட், பர்ன் அவுட். ஒருநாள் செய்தித்தாளில் ‘த ஸ்ட்ரைக் ஃபிஸில்ட் அவுட்’ என்று ஒரு வரி வந்தது. ஃபிஸில் என்ற சொல்லை வகுப்பில் யாரும் கேள்விப்பட்டதில்லை. தனியார் நிறுவனத்தில் கணக்கு பார்க்கும் ஒரு பெண் மட்டும், “போராட்டம் பிசுபிசுத்துப் போச்சு, அதானே சார்?” என்றார். அதேதான். இரண்டாவது கொத்து அவருக்குப் பாதி வேலையைச் செய்துவிட்டது. வினைவாரி நோட்டு வைத்திருந்தால் அந்த வினையே பட்டியலில் இருந்திருக்காது.

அப் நமக்கு இன்னும் எளிது, ஏனென்றால் தமிழிலேயே இந்தப் புத்தி இருக்கிறது. ‘சாப்பிடு’ என்பதற்கும் ‘சாப்பிட்டுவிடு’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஈட் அப், டிரிங்க் அப், யூஸ் அப், ஃபில் அப் ஆகியவற்றில் அந்த ‘விடு’ செய்யும் வேலையைத்தான் அப் செய்கிறது: மிச்சம் வைக்காமல் முடி என்கிறது. ஷோ அப், டர்ன் அப் இரண்டிலும் வேறு அர்த்தம், கண்ணெதிரே வந்து நிற்பது. இப்படி மூன்று நான்கு கொத்துகளில் பெரும்பாலானவை அடங்கிவிடும். எல்லாம் அடங்காது. புட் அப் வித் என்றால் பொறுத்துக்கொள்வது. அதில் அப் எங்கிருந்து வந்தது என்று எந்தக் கொத்தை வைத்தும் என்னால் திருப்தியாக விளக்க முடிவதில்லை. அதை மனப்பாடம்தான் செய்யச் சொல்கிறேன்.

ஒட்டுவாரியாகப் படிப்பதில் இன்னொரு லாபம், வாக்கியத்தில் சொல் எங்கே உட்காரும் என்பதும் சேர்ந்தே வந்துவிடும். ‘ஹி ரான் அப் எ ஹில்’, ‘ஹி ரான் அப் எ பில்’ இரண்டையும் பாருங்கள். முதலாவதில் குன்றின் மேல் ஓடினான். அங்கே அப் முன்னிடைச்சொல் (ப்ரிபொசிஷன்), குன்றைச் சேர்ந்தது. இரண்டாவதில் கடன் கணக்கை ஏற்றிக்கொண்டே போனான். இங்கே அப் வினையடை (அட்வெர்ப்), வினையைச் சேர்ந்தது. அதனால் ‘ரான் அப் இட்’ என்றால் குன்று, ‘ரான் இட் அப்’ என்றால் பில். வினைவாரி நோட்டில் லுக் அப், லுக் ஆஃப்டர், லுக் இன்டு மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும். ‘லுக் இட் அப்’ சரி, ‘லுக் இட் ஆஃப்டர்’ தப்பு என்று அந்த வரிசை சொல்லாது. ஒட்டுவாரி நோட்டில் அட், ஃபார், வித், இன்டு ஆகியவற்றின் பக்கத்தில் ‘எப்போதும் முன்னிடைச்சொல், இட் பின்னால்தான்’ என்று ஒருமுறை எழுதினால் போதும். அவே, பேக் பக்கத்தில் ‘எப்போதும் வினையடை, இட் நடுவில்’. அப், டவுன், ஆன், ஓவர் இரண்டுக்கும் வருபவை, அவற்றில்தான் கவனம் வேண்டும். காதும் உதவும். வினையடையை அழுத்திச் சொல்வார்கள், முன்னிடைச்சொல்லை வழக்கமாக விழுங்கிவிடுவார்கள்.

இரண்டும் சேர்ந்து வந்தால் வரிசை மாறாது: முதலில் வினையடை, பிறகு முன்னிடைச்சொல். கட் டவுன் ஆன், கேட்ச் அப் வித், ரன் அவுட் ஆஃப். முன்னது என்ன நடந்தது என்று சொல்லும், பின்னது எதைப் பற்றி என்று சொல்லும். பெரும்பாலும் கடைசிச் சொல்லை வெட்டினாலும் வாக்கியம் நிற்கும்: ‘வீ ஹாவ் ரன் அவுட்’. இதைப் புரிந்துகொண்டால் நம் அலுவலகங்களில் தினமும் பார்க்கும் இரண்டு பிழைகள் தானாகப் போகும். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று எழுதுகிறோம். அந்த டு முன்னிடைச்சொல், ஆகவே பின்னால் ‘மீட்டிங்’தான் வரும். ‘கோப் அப் வித்’ என்கிறோம். கீப் அப் வித், புட் அப் வித் பழக்கத்தில் அந்த அப் நுழைந்துவிட்டது. சரியானது ‘கோப் வித்’ மட்டுமே.

பட்டியலே வேண்டாம், படிக்கிற வாக்கியங்களிலிருந்து பொறுக்கிக்கொள்ளலாம் என்பது மூன்றாவது வழி. நிறைய வாசிப்பவர்களுக்கு அதுதான் இயல்பானது. என்னிடம் வருகிறவர்கள் இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து வருகிறவர்கள், அவர்களுக்கு அவ்வளவு வாசிக்க நேரமில்லை. அதனால் அதைத் தனி வழியாக நான் நம்புவதில்லை. கண்ணில் பட்ட வாக்கியத்தை உரிய ஒட்டின் கீழ் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன், அவ்வளவுதான். சிறு பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுத்ததில்லை, அவர்களிடம் இந்த ஒட்டுவாரி முறை எடுபடுமா என்று உறுதி சொல்ல மாட்டேன்.

தொடங்குகிறவர்கள் அப், அவுட், டவுன், அவே நான்கையும் முதலில் எடுங்கள், கொத்துகள் தெளிவாக இருக்கும். ஓவரைத் தள்ளிப் போடுங்கள். டேக் ஓவர், கெட் ஓவர், லுக் ஓவர், ரன் ஓவர் என்று ஒவ்வொன்றும் ஒரு திசையில் இழுப்பதால், அந்த ஒரு தலைப்பை மட்டும் நானும் இன்னும் வினைவாரியாகத்தான் நடத்துகிறேன்.