எளிதில் எரியும் சருமத்திற்குக் குளூகோனோலாக்டோன்: ஆறு மாத அனுபவம்

முகம் கழுவிய சில நிமிடங்களிலேயே கன்னம் சிவந்து, புதிதாக எதைத் தடவினாலும் மூக்கோரம் எரியத் தொடங்கும் சருமம் என்னுடையது. அத்தகைய சருமத்திலும் இறந்த செல்கள் படியத்தான் செய்கின்றன. அவற்றை நீக்க முயன்றால் எரிச்சல், விட்டுவிட்டால் செதில். பல ஆண்டுகள் இந்த இரண்டுக்கும் நடுவில் அல்லாடிய பிறகு, கடந்த ஆறு மாதங்களாக இறந்த செல்களைத் தளர்த்தி நீக்கும் மென்மையான அமில வகையான குளூகோனோலாக்டோன் 5 சதவீதம் கலந்த திரவம் ஒன்றை வாரத்திற்கு ஒருமுறை பயன்படுத்தி வருகிறேன். நான் முயன்ற முறைகளில் தொடர்ந்து கைக்கொள்ள முடிந்தது இது ஒன்றுதான்.

முதலில் கைவிட்டது ஸ்க்ரப்பை. சருமத்தின் மேலடுக்கு, அதாவது இறந்த செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட பகுதி, உடலின் பெரும்பாலான இடங்களில் 0.02 மில்லிமீட்டர் அளவுக்கே இருக்கிறது. ஈரத்தை உள்ளே காப்பதும், எரிச்சலூட்டும் பொருள்களை வெளியே நிறுத்துவதும் அந்த மெல்லிய அடுக்கின் வேலை. துகள்களை வைத்துத் தேய்க்கும்போது கை எங்கே அழுந்துகிறது, எவ்வளவு உரிந்தது என்பது நமக்குத் தெரிவதில்லை; சிவந்த பிறகுதான் தெரிகிறது. சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் கலந்து தேய்க்கும் வீட்டு முறையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) ஏறத்தாழ 2. சரும மேற்பரப்பின் அளவு 5-ஐ ஒட்டியது. எண்ணில் சிறியதாகத் தோன்றும் இந்த இடைவெளி, அமிலத்தன்மையில் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேறுபாடு. பப்பாளி நொதி கலந்த பொடிகளையும் பார்த்தேன். தேய்க்கத் தேவையில்லை என்பது உண்மைதான் என்றாலும், அந்த நொதியே சிலருக்கு ஒவ்வாமையைத் தரக்கூடியது என்பதால் வாங்கவில்லை.

அடுத்து லாக்டிக் அமிலம். மென்மையானது என்று பலரும் முதலில் கைகாட்டுவது இதைத்தான். வறண்ட, ஆனால் எளிதில் எரியாத சருமத்திற்கு அந்தப் பரிந்துரை பொருந்தும். ஆனால், ஒருவருடைய சருமம் எளிதில் எரியக்கூடியதா என்று கண்டறிய, மூக்கோர மடிப்பில் லாக்டிக் அமிலத்தைத் தடவி எரிகிறதா என்று கேட்கும் சோதனை ஒன்றை ஆய்வாளர்கள் 1970-களிலிருந்தே பயன்படுத்தி வருகிறார்கள். நம்மைப் போன்றவர்களை அடையாளம் காட்டும் பொருளையே நமக்கு மருந்தாகத் தொடங்குவது சரியாக இருக்குமா? 5 சதவீத அளவிலேயே என் மூக்கோரம் அரை மணி நேரம் எரிந்தபோது எனக்கு விடை கிடைத்துவிட்டது.

குளூகோனோலாக்டோன் வேறுபடுவது அதன் உருவ அளவில். இதே வேலைக்குப் பயன்படும் கிளைகாலிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 76, லாக்டிக் அமிலத்திற்கு 90; குளூகோனோலாக்டோனுக்கோ 178. பெரிய மூலக்கூறு சருமத்திற்குள் மெதுவாகவே இறங்குவதால், செல்களை ஒட்டவைத்திருக்கும் பிணைப்பு தளர்கிறதே தவிர, திடீரென்று குத்தும் எரிச்சல் குறைவாகவே இருக்கிறது. நீரைப் பிடித்துவைக்கும் இயல்பும் இதற்கு உண்டு என்பதால், பயன்படுத்திய மறுநாள் காலையில் முகம் இறுகி வறளவில்லை. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

முகத்தில் தடவுமுன், முழங்கையின் உட்புறத்தில் ஒரே இடத்தில் நாளுக்கு இருமுறை வீதம் ஏழு நாள்கள் தடவிப் பார்த்தேன். ஒரே நாளில் முடித்துவிடும் சோதனையை நம்ப வேண்டாம். ஒவ்வாமை இரண்டு மூன்று நாள்கள் கழித்தும் தலைகாட்டும். இந்தச் சோதனைதான் நான் முதலில் வாங்கிய வேறொரு திரவத்தை என் முகத்திற்கு வராமல் தடுத்தது. அதிலும் இதே அமிலம் இருந்தது, ஆனால் லாவண்டர் எண்ணெயும் சேர்ந்திருந்தது. நான்காம் நாளில் கை அரிக்கத் தொடங்கியது. அதனால், சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன் வாசனைப் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பதையே இப்போது வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன்.

முதல் மாதம் பத்து நிமிடம் வைத்துக் கழுவினேன். வேண்டாம் என்று தோன்றிய நொடியில் நிறுத்த முடிகிற இந்த வசதி எனக்கு மிகுந்த தைரியத்தைத் தந்தது. இரண்டாம் மாதத்திலிருந்து கழுவாமல் விட்டு, மேலே வாசனையற்ற மாய்ஸ்சரைசரைத் தடவுகிறேன். மூக்கோரச் செதில் மூன்றாம் வாரத்தில் மறைந்தது. கன்னத்தின் சொரசொரப்பு அடங்க இரண்டு மாதங்கள் ஆயின.

குறைகளும் உண்டு. காயும் வரை பிசுபிசுக்கிறது. கரும்புள்ளிகளிலோ பழைய தழும்பின் நிறத்திலோ நான் எந்த மாற்றத்தையும் காணவில்லை. நான் வாங்கிய புட்டியில் பி.எச். அளவு அச்சிடப்படவில்லை, இந்தப் பொருள் தண்ணீரில் மெல்ல மெல்லக் குளூகோனிக் அமிலமாக மாறக்கூடியது என்பதால், அந்த எண்ணைத் தெரிவிப்பது தயாரிப்பாளரின் கடமை என்றே நினைக்கிறேன்.

கிளைகாலிக் போன்ற அமிலங்கள் சருமத்தை வெயிலுக்கு எளிதில் பாதிக்கப்படக்கூடியதாக ஆக்குகின்றன. இதற்கு அந்தக் குணம் குறைவு என்றாலும் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீனை நான் ஒரு நாளும் விடுவதில்லை. ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ சார்ந்த சரும மருந்து) பயன்படுத்துபவர்களும், எக்ஸிமா (அரிப்புடன் கூடிய தோல் அழற்சி) அல்லது ரோசேசியா (முகம் அடிக்கடி சிவக்கும் தோல் நோய்) உள்ளவர்களும் தோல் மருத்துவரைக் கேட்ட பிறகே இதைத் தொட வேண்டும்.

கன்னம் ஏற்கெனவே சிவந்திருக்கும் வாரங்களில் நான் புட்டியைத் திறப்பதில்லை. இந்த ஆறு மாதங்களில் அப்படி ஐந்து வாரங்கள் விட்டிருக்கிறேன், சொரசொரப்பு திரும்பவில்லை.